டப்பா மொச்சையைச் சமைத்த கை

பானை அடி பிடித்துவிட்டது என்பதை லபீப் மூக்கால் தெரிந்துகொண்டபோது, குறுக்கெழுத்தில் ஒரே ஒரு சொல்தான் பாக்கி இருந்தது. அதையும் முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று நினைத்தார். எழுந்தபோது அடுக்களை முழுக்கப் புகை.

முந்தின இரவிலிருந்து அந்தக் கழுத்து ஒடுங்கிய பானையில் மொச்சை சின்னத் தீயில் வெந்துகொண்டிருந்தது. மனைவி நர்கிஸ் மகள் தமியானாவைக் கூட்டிக்கொண்டு காலையில் தேவாலயத்துக்குப் புறப்பட்டபோது அவரிடம் ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். தண்ணீர் வற்றினால் வெந்நீர் ஊற்ற வேண்டும். லபீப் பூகோள வாத்தியார். நைல் நதி எங்கே பிறந்து எங்கே கடலில் விழுகிறது என்று காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். ஒரு பானைக்குத் தண்ணீர் விட மறந்துவிட்டார்.

கரண்டியை விட்டுப் பார்த்தார். கரண்டி அப்படியே நின்றது.

மற்ற நாளாக இருந்தால் நர்கிஸிடம் திட்டு வாங்கிக்கொண்டு ரொட்டியும் வெங்காயமும் தின்றுவிட்டுப் போயிருப்பார். இன்றைக்கு அப்படி முடியாது. தமியானாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் நாதிரும் அவனுடைய அம்மாவும் முதல்முறையாக வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். அதுவோ ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். கறி கிடையாது, முட்டை கிடையாது, பால்கட்டிகூடக் கிடையாது. அவர்கள் குடியிருந்த ஷுப்ரா வட்டாரத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தவக்காலத்தில் சம்பந்தி வீட்டாருக்கு விருந்து வைத்தால் அந்த வீட்டு மானம் மொச்சைப் பானைக்குள்தான் இருக்கும். லபீப் வீட்டு மானம் இப்போது பானையின் அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

நாதிரின் அம்மா சாதாரண அம்மாவும் இல்லை. டாக்டர் இன்சாஃப். பல்கலைக்கழகத்தில் சத்துணவுத் துறைத் தலைவி. வியாழக்கிழமைதோறும் ரேடியோவில் எதில் எவ்வளவு புரதம், எதில் எவ்வளவு நார்ச்சத்து என்று பேசுகிறவர். பொய் என்றால் ஆகாது. காப்பியடித்த குற்றத்துக்காகச் சொந்த அண்ணன் மகனையே பரீட்சையில் பெயிலாக்கியவர் என்று நாதிரே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

தேவாலயத்துக்குக் கிளம்பும்போது தமியானா கதவருகே தனியாக நின்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்க எதுவும் பண்ணாம இருங்க. போதும்."

அவரும் எதுவும் பண்ணாமல்தான் இருந்தார். அதனால்தான் இப்படி ஆயிற்று.

முதலில் தெருமுனைக்கு ஓடினார். அங்கே மொச்சை வண்டிக்காரர் பெரிய பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு மணிகூட மிச்சமில்லை. தவக்காலம் வந்தால் கிறிஸ்தவர்கள் அத்தனை பேரும் காலையிலேயே வந்து வழித்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று வண்டிக்காரர் சந்தோஷமாகச் சொன்னார்.

மீதி இருந்தது மளிகைக் கடைதான். கடைக்காரர் ஃபவ்ஸியும் கதவை இழுத்து மூடப் போனார். லபீப் உள்ளே நுழைந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் டப்பா மொச்சை கேட்டார்.

"டப்பாவா? உங்க வீட்டுக்கா?" என்றார் ஃபவ்ஸி.

அவர் ஆச்சரியப்பட்டதில் நியாயம் இருந்தது. டப்பாவைப் பற்றி நர்கிஸ் என்ன நினைக்கிறாள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். டப்பாவில் அடைத்த மொச்சை செத்த மொச்சை என்பாள். அதில் இருக்கிற இரும்புச்சத்தையெல்லாம் தகரம் உறிஞ்சிக்கொண்டுவிடும் என்பாள். ஃபவ்ஸி கடையில் டப்பா வாங்கிய புதுப்பெண்களை நடுத்தெருவில் நிறுத்தி, புருஷன் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று கேட்டிருக்கிறாள்.

"வீட்டுக்கு இல்ல, பள்ளிக்கூடத்துக்கு. பாடம் நடத்த" என்று சொல்லிவிட்டு, லபீப் டப்பாக்களைப் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறினார். ஒவ்வொரு படிக்கும் டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. பையை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

டப்பாவைத் திறந்து ஒரு வாய் தின்று பார்த்தார். உப்பு. டப்பாத் தண்ணீரில்தான் உப்பு அதிகம், கொட்டிக் கழுவிவிட்டால் பெருமளவு போய்விடும் என்று டாக்டர் இன்சாஃப் ரேடியோவில் சொல்லிக் கேட்டிருந்தார். எனவே கழுவினார். நன்றாகவே கழுவினார். உப்போடு சேர்ந்து கூழும் போய், மொச்சை குளிக்க வைத்த குழந்தைகள் மாதிரி தனித்தனியாக நின்றது. ருசி என்று எதுவும் மிஞ்சவில்லை. உப்புப் போட்டார். போதவில்லை என்று தோன்றி இன்னொரு முறை போட்டார். பிறகு எலுமிச்சை, சீரகம், எள் விழுது, பூண்டு. நர்கிஸ் சந்தேகப்படாமல் இருக்க எல்லாவற்றையும் அந்தப் பழைய பானையிலேயே கொட்டிச் சூடாக்கினார். சுரண்டியும் போகாத கருகல் இதமாக மொச்சையில் இறங்கியது.

கருகிய மொச்சையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் புறாக்களுக்குப் போட்டார். அவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நர்கிஸ் வந்ததும் வராததுமாகப் பானையைத் திறந்தாள். "யாரு உங்களை எலுமிச்சை பிழியச் சொன்னா? சீரகம் யாரு போடச் சொன்னா? தட்டுல ஊத்துறப்ப நான் போட மாட்டேனா?" என்று கேட்டாள். உதவி செய்யலாமே என்று நினைத்ததாக லபீப் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் அடுக்களையில் உதவி செய்தது அதுதான் முதல்முறை என்பதால் அவளுக்கு மேற்கொண்டு திட்ட வாய் வரவில்லை. எலுமிச்சையும் பூண்டும் ஏறியிருந்ததில் ருசி பார்த்தும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

டாக்டர் இன்சாஃப் ஒல்லியாக, நேராக, கண்ணாடிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் அளந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நாதிர் தமியானாவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். நர்கிஸ் சூடு ரொட்டி எடுக்க உள்ளே போனபோது டாக்டர் ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். நிறுத்தினார்.

"புகை வாசனை வருதே, லபீப் சார்."

"கரி அடுப்பு" என்றார் லபீப், யோசிக்காமல். "மொட்டை மாடியில வச்சிருக்கோம். மொச்சைக்குன்னே."

ரொட்டியோடு வந்த நர்கிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். புருஷன் எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் சம்பந்தி அம்மாள் முன்னால் அவரைப் பொய்யராக்க முடியுமா? "ஆமா, கரி அடுப்புதான்" என்று சொல்லி, ரொட்டியை வைத்துவிட்டு, மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தாள். டாக்டர் அந்த அடுப்பைப் பார்க்க விரும்பினார். நல்லவேளையாக அவருக்கு முழங்கால் வலி. லிஃப்டும் ஒரு வாரமாக ஓடவில்லை.

பிறகு டாக்டர் நர்கிஸிடம் செய்முறை கேட்டார். நர்கிஸுக்கு அதைவிடப் பிடித்த பேச்சு உலகத்தில் கிடையாது. எந்தச் சந்தையில் எந்த மொச்சை, எவ்வளவு நேரம் ஊறவைப்பது, ஊறிய தண்ணீரை ஏன் மாற்றுவது, கூழ் இறுகுவதற்கு ஒரு பிடி சிவப்புப் பருப்பு எப்போது போடுவது, பானையில் உப்பே ஏன் போடக்கூடாது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் தலையாட்டிக்கொண்டே தன் தட்டைக் கிளறினார்.

"பருப்பைக் காணோமே."

"கரைஞ்சிருக்கும்" என்றார் லபீப். "கரி அடுப்புச் சூட்டுக்குப் பருப்பு நிக்காது."

மறுபடியும் கால் மிதிபட்டது.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதுதான் லபீப்பை ஆட்டிவிட்டது. வரும் வியாழக்கிழமை ரேடியோவில் அவர் பேசப்போவது மொச்சையைப் பற்றி. வீட்டில் முறையாகச் சமைத்ததில் சத்து அதிகமா, டப்பாவில் அடைத்ததில் அதிகமா என்று ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்துச் சொல்லப்போகிறார். டப்பா ஒன்று வாங்கி வைத்தாயிற்று. இவ்வளவு முறையாகச் சமைக்கிற வீடுதான் கிடைக்காமல் இருந்தது. ஒரு ஜாடியில் கொஞ்சம் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

நர்கிஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இருப்பதிலேயே நல்ல ஜாடியைத் துடைத்து, நிரப்பி, மூடி, டாக்டர் மடியிலேயே வைத்தாள். "டப்பாவுல என்ன டாக்டரம்மா இருக்கு? உப்புத் தண்ணி. நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்க."

"அதைப் பரிசோதனை சொல்லட்டும்" என்றார் டாக்டர்.

அவர்கள் போன பிறகு நர்கிஸ் பாத்திரத்தைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கவலை மொச்சையைப் பற்றி அல்ல. ஒரு வீட்டில் சாப்பிட்டவர்கள் எழுந்திருக்கும்போது சமைத்த கை நல்லா இருக்கணும் என்று சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள். வேகாததைத் தின்றவன்கூடச் சொல்லிவிட்டுத்தான் போவான். டாக்டர் இன்சாஃப் சொல்லவில்லை.

"மறந்திருப்பாங்க" என்றார் லபீப். "படிச்சவங்க."

"அவங்க மறக்க மாட்டாங்கப்பா" என்றாள் தமியானா. "மனசுல தோணாததை வாயால சொல்ல மாட்டாங்களாம். நாதிர் சொல்லியிருக்கான். அவங்க சொந்தத் தங்கச்சி சமையலுக்கே இதுவரைக்கும் சொன்னதில்லையாம்."

இது யாருக்கும் ஆறுதலாக இல்லை. நர்கிஸ் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். லபீப்புக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொன்னால் நர்கிஸ் அந்த நிமிஷமே டாக்டருக்கு ஃபோன் போட்டு, அது என் மொச்சையே இல்லை, இந்த மனுஷன் டப்பாவைக் கொட்டி ஏமாற்றினார் என்று சொல்லிவிடுவாள். பொய் ஆகாத டாக்டர் அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுப்பாரா? சொல்லாவிட்டாலோ, ஆய்வுக்கூடத்தில் இரண்டும் டப்பா என்று தெரிந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் தமியானாவின் கல்யாணம் தலைகுப்புற விழுந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஜாடியில் இருப்பதை எடுத்துவிட்டு உண்மையான மொச்சையை வைத்துவிட்டால்?

பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் அவள் கை மொச்சை கேட்டு உயிரை எடுக்கிறார்கள் என்று நர்கிஸிடம் சொன்னார். கை என்ற சொல்லே அந்த வீட்டில் அப்போது மருந்தாக இருந்தது. சனிக்கிழமை அவள் மொச்சை போட்டாள். லபீப் அன்று குறுக்கெழுத்துப் பக்கமே போகவில்லை. பானைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். மொச்சை அற்புதமாக வந்தது. தோல் உரியாமல், விரலால் தொட்டால் குழைகிற பதம். அவரே கண்ணை மூடி ஒரு வாய் தின்றுவிட்டுச் சமைத்த கை நல்லா இருக்கணும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த ஊரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தூக்குப் பாத்திரத்தோடு பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆய்வுக்கூடத்தில் ஹனான் என்ற உதவியாளர் பெண் மட்டும் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்திருந்தாள். வயது தமியானா அளவுதான் இருக்கும். தான் யார் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை கொடுத்தது பழசாகியிருக்கும், புதிதாகக் கொண்டுவந்திருக்கிறேன், அதை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள் அம்மா என்றார்.

"முடியாது சார். டாக்டரம்மா அவங்க கையாலேயே சீட்டு ஒட்டி, மூடி, அலமாரியில வச்சுப் பூட்டியிருக்காங்க. சாவி அவங்ககிட்ட."

"நான் கொண்டுவந்த ஜாடியைத்தானேம்மா கேக்கறேன்."

"உங்க ஜாடிதான் சார். ஆனா இப்ப அது ஆய்வு."

மூக்கை நீட்டித் தூக்கை மோந்தாள். உள்ளே இருப்பது மொச்சைதானே என்று கேட்டாள். தன் நிலைமையைச் சொல்லி வருத்தப்பட்டாள். ஊரில் எல்லோருக்கும் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்கிற இடம் இது, இங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பிட நேரம் கிடையாது. தின்கிற மாதிரி எதை வைத்தாலும் நாங்கள் விட்டுவைப்பதில்லை, டாக்டரம்மா தன் பிஸ்கட்டைக்கூடப் பூட்டித்தான் வைக்கிறார் என்றாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் இன்சாஃப் உள்ளே வந்தார். லபீப்பையும் தூக்கையும் மாறிமாறிப் பார்த்தார். லபீப் தூக்கை முன்னால் நீட்டி, ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் பசியோடு வேலை செய்வார்களே என்று நர்கிஸ் கொடுத்தனுப்பினாள் என்றார். டாக்டர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். எனவே ருசி பார்க்கவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் இளகியது. இப்படிப்பட்ட வீடுகள் இந்தக் காலத்தில் குறைவு என்றார். அந்தப் பாராட்டு லபீப்புக்கு உடம்பெல்லாம் குத்தியது. தூக்கை ஹனானிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு வந்தார்.

புதன்கிழமை டாக்டரே நர்கிஸுக்கு ஃபோன் செய்தார். முடிவு வந்துவிட்டது, தானே எதிர்பார்க்காத முடிவு, நாளை தவறாமல் கேளுங்கள் என்று மட்டும் சொன்னார். நர்கிஸ் அதை வெற்றிச் செய்தியாக எடுத்துக்கொண்டாள். எதிர்வீடு, கீழ்வீடு, மேல்வீடு என்று எல்லாப் பெண்களுக்கும் சொல்லியனுப்பினாள். வியாழக்கிழமை காலை கூடத்தில் உட்கார இடமில்லை. லபீப் வயிற்றுவலி என்று சொல்லி அன்றும் பள்ளிக்கூடம் போகவில்லை. அதில் பொய் அதிகம் இல்லை.

டாக்டர் தனக்கே உரிய வறண்ட குரலில் பேசினார். ஷுப்ராவில் ஒரு நல்ல குடும்பத்தில், மரபான முறையில் சமைத்த மொச்சை ஒரு பக்கம். கடையில் வாங்கிய டப்பா மொச்சை இன்னொரு பக்கம். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நார்ச்சத்தும் அப்படித்தான். இரும்புச்சத்தைத் தகரம் உறிஞ்சிக்கொள்ளும் என்று சிலர் நம்புகிறார்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை.

கீழ்வீட்டுப் பெண் நர்கிஸைப் பார்த்தாள். நர்கிஸ் ரேடியோவைப் பார்த்தாள்.

டாக்டர் அதோடு விடவில்லை. எனக்கே வியப்பான செய்தி, உப்பு வீட்டு மொச்சையில்தான் கூடுதல், இந்த டப்பாவில் மிகக் குறைவு என்றார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ருசித்தும் பார்த்தேன் என்றார்.

"வீட்டு மொச்சையைப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா அந்த டப்பா மொச்சை, நம்ம அம்மாமார் பண்ற மாதிரி, தோல் உரியாம, ஒரு பிடி சிவப்புப் பருப்புகூடப் போட்டு வெந்திருந்தது. தொழிற்சாலையில யார் சமைச்சாங்களோ தெரியாது. இந்த வார்த்தையை நான் லேசுல சொல்றவ இல்ல. சமைச்ச கை நல்லா இருக்கணும்."

பிறகு பாட்டுப் போட்டார்கள்.

தான் திறந்த டப்பாவில் பருப்பே இல்லையே என்று லபீப்புக்கு ஒரு கணம் தோன்றியது. வேறு கம்பெனியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அதற்குமேல் யோசிக்க அவகாசம் இல்லை. கூடத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்து எழுந்து போனார்கள். தவக்காலத்தில் எந்த வீட்டிலும் பால் காய்ச்சுவதில்லை.

நர்கிஸ் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"நீங்க அன்னிக்கு உப்புப் போட்டீங்களா?"

"ஒரு சிட்டிகை" என்றார் லபீப்.

"உப்பு போகட்டும். அது உங்க கை. என் வீட்டுக்கு வந்து, என் மேசையில உக்காந்து தின்னுட்டு, என் கைக்கு ஒரு வார்த்தை சொல்லாத வாய், ஒரு தகர டப்பாவுக்கு ஊரறியச் சொல்லுது. அந்த வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன். போய்ச் சொல்லிட்டு வாங்க."

தமியானா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லபீப் அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். எதுவும் பண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பெண். அதுதான் அவரை அறுத்தது. ஒரு பானைத் தண்ணீருக்காக இந்தப் பெண்ணின் வாழ்க்கை வற்றிப்போவதா என்று நினைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். டாக்டர் இன்சாஃபிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, காலில் விழச் சொன்னால் விழுந்துவிடுவது, குற்றம் முழுக்க என்னுடையது, பெண் ஒரு பாவமும் அறியாதவள் என்று மன்றாடுவது. வழியெல்லாம் அந்த வாக்கியங்களை ஒத்திகை பார்த்தார். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசமாகக் கேட்டது.

ஆய்வுக்கூடத்தில் மறுபடியும் ஹனான்தான் இருந்தாள். கழுவித் துடைத்த தூக்கு மேசைமேல் இருந்தது. வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்தாள். டாக்டர் ரேடியோ நிலையத்திலிருந்து இன்னும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறார் என்றாள். லபீப் அவளெதிரே உட்கார்ந்தார். டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் யாரிடமாவது ஒருமுறை சொல்லிப் பார்த்தால் நாக்கு பழகும் என்று தோன்றியது. குறுக்கெழுத்திலிருந்து தொடங்கினார். கருகிய பானை, கவிழ்த்த வண்டிப் பானை, ஃபவ்ஸி கடை, கழுவியது, உப்புப் போட்டது, கரி அடுப்பு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"ஆக அந்த ஜாடியில இருந்தது எங்க வீட்டு மொச்சையே இல்லம்மா. டப்பா. டாக்டரம்மா டப்பாவையும் டப்பாவையும் வச்சு ஒப்பிட்டுட்டு, ரெண்டும் ஒண்ணுன்னு ஊருக்குச் சொல்லிட்டாங்க. அவங்க பேர் கெட்டுடும். அதான் சொல்லிடலாம்னு வந்தேன்."

ஹனானின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சார், தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. என் வேலை போயிடும்."

"உன் வேலைக்கு என்னம்மா ஆகும்? பொய் சொன்னது நான்."

"டாக்டரம்மா வாங்கி வச்சிருந்த டப்பாவை, அதுக்கு முந்தின வாரமே பசி தாங்காம நாங்க ரொட்டி தொட்டுத் தின்னுட்டோம். திருப்பி வாங்கி வச்சிடலாம்னுதான் இருந்தோம், மறந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை நீங்க அந்தப் பக்கம் போனதும், இன்னிக்கே பாத்துடணும், டப்பாவைத் திறந்து வைன்னுட்டாங்க. கடைக்கு ஓட நேரமில்ல. கையில இருந்தது உங்க தூக்கு ஒண்ணுதான்."

லபீப்புக்கு முதலில் விளங்கவில்லை. தூக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

வெளியே தாழ்வாரத்தில், முழங்கால் வலியோடு ஒருவர் மெதுவாக நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. ஹனான் குரலை இன்னும் தணித்துக்கொண்டாள்.

"அதுல கொஞ்சம் எடுத்து, டப்பான்னு சீட்டு ஒட்டி வச்சேன். டாக்டரம்மா இன்னிக்கு ரேடியோவுல வாழ்த்தினது உங்க வீட்டம்மா கையைத்தான் சார்."